நின்று செய்யும் ஷோவுக்குப் பெட்டி: வாங்குவதா, செய்வதா?

திண்டுக்கல்_தொப்பி

எல்லோருக்கும் வணக்கம். வாரநாளில் பள்ளிக்கூடம், சனி ஞாயிறு மேஜிக் என்று ஓடுகிறவன் நான். 35 நிமிட ஷோ, ஏழு ஐட்டம்: ஒன்றில் ஒன்று கோத்துப் பிரிக்கும் 12 அங்குல வளையம் எட்டு, மூன்று கயிறு, முட்டைப்பை (காலிப் பையில் முட்டை வந்து மறைவது), காசு வாளி (காற்றில் பிடித்த காசை வாளியில் போடுவது), பேப்பர் கிழித்துச் சேர்ப்பது, பட்டுத்துணிகள், கடைசியில் பால் ஜக் (ஊற்றிய பால் மறைவது). இதெல்லாம் இதுவரை ஒரு பழைய காலேஜ் பையில்தான் பயணம் செய்தது.

போன ஞாயிறு ஒரு ரிசப்ஷன். மேசை தருகிறோம் என்று சொன்னவர்கள், நேரம் வந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பையை அதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஐட்டத்துக்கும் குனிந்து துழாவினேன். கயிற்றை இழுத்தால் பட்டுத்துணி கூடவே வருகிறது. முன்வரிசையில் ஒரு பாட்டி, மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், "என்னப்பா தொலைச்சுட்ட?" என்றார். அன்றைக்கு ஷோவில் கிடைத்த பெரிய சிரிப்பு அதுதான்.

ஆகவே ஒரு பெட்டி வேண்டும். திறந்தால் மேசையாக நிற்க வேண்டும், மூடினால் ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே அடங்க வேண்டும், டவுன் பஸ்ஸிலும் ஏற்ற முடிய வேண்டும். கையில் நாலாயிரம் இருக்கிறது. ரெடிமேட் வாங்கலாமா, தச்சரிடம் போகலாமா?

புதுச்சீட்டு

வெளிநாட்டு மேஜிக் கடைகளில் சக்கரம் வைத்த ரோலர் டேபிள் வருகிறதே அண்ணே. இழுத்துக்கொண்டு போனோமா, நிமிர்த்தினோமா, மேசை ரெடி. வேலை முடிந்தது.

ரிங்மாஸ்டர்_கோவை

நாலாயிரத்துக்கு அதன் சக்கரம் வரும் தம்பி.

விலையை விடுங்கள். சக்கரம் வழவழப்பான தரையில்தான் ஓடும். கோயில் திருவிழா மணலில், பந்தல் ஜமுக்காளத்தில் அது உருளாது, உழும். சாதாரண டிராலி சூட்கேஸை மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் ஒரு காலத்தில் இறங்கினேன். உள்ளே தடவிப் பாருங்கள், இழுக்கிற கைப்பிடியின் இரண்டு கம்பியும் அடிப்பக்கம் முழுக்க மேடாக ஓடும். அதைச் சமன் செய்ய மேலே ஒரு பலகை போட்டால் ஒன்றரை அங்குல ஆழம் போய்விடும். வளையத்தை நட்டால் மூடி மூடாது, படுக்க வைத்தால் மற்றதற்கு இடம் இல்லை.

முட்டைப்பை

தொப்பி தம்பி, பெட்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வீட்டில் ஒரு பாயை விரித்து ஏழு ஐட்டத்தையும் ஷோ வரிசையில் பரப்புங்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் 'எங்கிருந்து எடுக்கிறேன்', வலது பக்கம் 'முடிந்ததும் எங்கே போடுகிறேன்' என்று எழுதுங்கள். இடது பக்கத்தை எல்லோரும் மடமடவென்று எழுதிவிடுவார்கள். வலது பக்கத்தில் பேனா நிற்கும்.

எட்டு வளையம் கையில் இருக்கிறது, கைதட்டலும் வந்துவிட்டது. அடுத்த நொடி அவை எங்கே போகின்றன? எடுத்த குழியிலேயே திரும்பச் சொருக மேடையில் யாருக்கும் பொறுமை கிடையாது. கிழித்த பேப்பர்? பால் ஊற்றிய ஜக் ஈரத்தோடு எங்கே உட்காரும்? ஐம்பது வயது வரை நான் பெட்டி பெட்டியாக மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாப் பெட்டியும் சாமானை வெளியே எடுக்க வசதியாகத்தான் இருந்தது. திரும்ப வாங்கிக்கொள்ள ஒன்றுக்கும் இடம் இல்லை.

தெருவில் வித்தை காட்டுகிறவர்கள் தோளில் மாட்டி வரும் துணிப்பையைக் கவனித்திருக்கிறீர்களா? எதிரே விரித்து வைத்து, அதிலிருந்து கிண்ணத்தை எடுப்பார்கள், வேலை முடிந்ததும் அதே பைக்குள் கை போகும், காலியாக வரும். அந்தப் பையே பாதி வித்தை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மேடைக்காரர்கள் மேசைக்குப் பின்னால், பார்ப்பவர் கண்ணில் படாமல் ஒரு சின்னத் தட்டு பொருத்தி, அதை சர்வான்ட் என்று அழைத்தார்கள். பிரெஞ்சில் வேலைக்காரி என்று பொருள். நம் ஊர்த் துணிப்பையும் அந்த வேலைக்காரியும் ஒரே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தான்.

(அதில் எதைப் போடுவது, எப்போது போடுவது என்பதை இங்கே எழுத மாட்டேன். யார் வேண்டுமானாலும் படிக்கிற இடம் இது.)

புதுச்சீட்டு

ஐயா, இவ்வளவு எழுதியும் என்ன அளவில் வாங்குவது என்று சொல்லவில்லையே.

முட்டைப்பை

பாயை விரித்தால் அளவு அதுவாக வரும்.

நூல்கண்டு

நான் முழுக்கக் குழந்தைகள் ஷோ செய்கிறவள், சென்னை. அழகுக்கலைக்காரர்கள் வைத்திருக்கும் அலுமினிய மேக்கப் பெட்டியில்தான் ஆரம்பித்தேன். திறந்தால் தட்டுகள் படிப்படியாக இரண்டு பக்கமும் விரியுமே, அது. பார்க்க அழகு. இரண்டு குறை. தட்டு விரியும்போது 'கடகட'வென்று சத்தம். அதைவிட மோசம், மூடியின் உட்புறப் பளபளப்பு. மேடை விளக்கு அதில் பட்டு, நான் பெட்டிக்குள் கையை விட்டு என்ன செய்கிறேன் என்பது பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களுக்கு மங்கலாகத் தெரிந்தது. ஒரு பொடியன் எழுந்து, "ஆன்ட்டி, உங்க பெட்டி மூடில எல்லாம் தெரியுது" என்று சொன்னான். அன்று இரவே உள்ளே துணி ஒட்டினேன்.

ரிங்மாஸ்டர்_கோவை

உள்ளே கறுப்பு வெல்வெட். வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். எது விழுந்தாலும் முழுங்கிவிடும்.

நூல்கண்டு

உங்களிடமிருந்தும் முழுங்கிவிடும் அண்ணா, அதுதான் சிக்கல். என் பெட்டியில் கறுப்புதான் முதலில் ஒட்டினேன். மேடை இருட்டு, கண்ணில் விளக்கு. கறுப்புக் கைப்பிடிக் கத்தரிக்கோல் பெட்டிக்குள்ளேயே இருந்தும் அரை நிமிடம் தடவினேன். வெளியே என்ன நிறம் வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்ளே அரக்கு அல்லது மயில் நீலம், பளபளப்பு இல்லாத துணி. பெட்டிக்குப் பின்னால் தொங்குகிற வேலைக்காரிப் பைக்குள் மட்டும் கறுப்பு. ஏனென்றால் அதற்குள் போனது திரும்ப வரப்போவதில்லை.

ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. ரெக்சினுக்கு அடிக்கிற ரப்பர் பசையைத் தெர்மாகோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நான் தெர்மாகோலில் அழகாகக் குழி வெட்டி, மேலே பசை தடவித் துணி ஒட்டினேன். காலையில் பார்த்தால் குழி எல்லாம் கரைந்து இட்லித் தட்டில் ஒட்டிய மாவு மாதிரி இருந்தது. ஈவிஏ ஃபோம் வாங்குங்கள். சென்னை வருகிறவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சீட் கவர் கடைகளில் கேட்டால் ஃபோம், ரெக்சின், துணி எல்லாம் கிடைக்கும்.

ரிங்மாஸ்டர்_கோவை

சரி, அரக்கு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெல்க்ரோவை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். காலர் மைக் போட்டுக்கொண்டு வெல்க்ரோ பிரித்துப் பாருங்கள், ஸ்பீக்கரில் வேட்டி கிழிகிற சத்தம் வரும். நான் காந்தத்துக்கு மாறிவிட்டேன்.

முட்டைப்பை

காந்தம் போட்டால் காசு வாளிக்காரர் ஜாக்கிரதை. நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும். ஒருமுறை வேண்டிய நேரத்தில் வாளியில் காசு இல்லை. பெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன, முருகன் கோயில் உண்டியல் ஓரத்தில் ஒட்டின மாதிரி. காந்தத்தைக் காசு இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். அல்லது பழையபடி பட்டன், கொக்கி.

சவுண்ட்சர்வீஸ்

எல்லோரும் பெட்டிக்குள்ளேயே நிற்கிறீர்கள், பெட்டி எதன் மேல் நிற்கும் என்று யாரும் பேசவில்லை. என் தொழில் மைக் செட், மேஜிக் அடுத்தது. அதனால் எனக்குத் தெரிந்த வழி ஸ்பீக்கர் ஸ்டாண்ட்.

ஸ்பீக்கர் பாக்ஸின் அடியில் ஒரு குழி இருக்குமே, ஸ்டாண்டின் குழாய் போய் உட்காருவது, அது 35 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி ஸ்டாண்டும் பெரும்பாலும் அந்த அளவுதான். அந்தக் குழியைத் தனி உதிரிப் பாகமாக விற்கிறார்கள், சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெட்டியின் அடியில் நான்கு போல்ட் போட்டு மாட்டிவிட்டால் எந்த ஊரில் ஷோ என்றாலும் அங்கே மைக் செட்காரரிடம் ஒரு ஸ்டாண்ட் கடன் வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் தூக்க வேண்டியது பெட்டி மட்டும்.

ஆனால் 4 மில்லிமீட்டர் பலகையில் நேராக போல்ட் போடாதீர்கள், பிய்த்துக்கொண்டு வரும். உள்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை ஒட்டி, இரண்டையும் சேர்த்து முடுக்குங்கள்.

திண்டுக்கல்_தொப்பி

அருமை சார். உயரம் எப்படிக் கணக்குப் போடுவது? நான் ஐந்தடி ஆறு அங்குலம்.

முட்டைப்பை

கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை உங்களுக்கு 41 அங்குலம் சொச்சம் இருக்கும். பெட்டியின் விளிம்பு அதற்கு நான்கு விரல், அதாவது மூன்று நான்கு அங்குலம் கீழே வர வேண்டும். 37 என்று வையுங்கள். பெட்டி ஆறு அங்குல ஆழம் என்றால் ஸ்டாண்டின் தலை 31இல் நிற்கட்டும். இதைவிடத் தாழ்ந்தால் குனிவீர்கள், உயர்ந்தால் தோள் தூக்கும். தோள் தூக்கினாலே பின்வரிசைக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மூடி ஜனங்கள் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும், கீல் அந்தப் பக்கம். அதுவே மறைப்பு.

நூல்கண்டு

கல்யாண மண்டபத்தில் அந்த மறைப்பு பாதிதான் ஐயா. ஜனங்கள் முன்னால் மட்டும் இருந்த காலம் போய்விட்டது. வீடியோக்காரர் மேடையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், கிரேன் கேமரா தலைக்கு மேலே சுற்றுகிறது, அதில் தெரிவது பக்கத்திலேயே எல்இடி திரையில் பத்தடி உயரத்துக்கு ஓடுகிறது. ஒரு ரிசப்ஷனில் என் பெட்டியின் உள்ளே இருந்த அத்தனையும், வாயில் வைக்கும் காகிதச் சுருள் உட்பட, திரையில் வந்தது. எனக்குத் தெரியவில்லை. ஜனங்கள் எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறார்களே என்று திரும்பியபோதுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஷோவுக்கு முன் கிரேன்காரத் தம்பியிடம் போய், "மேலே இருந்து மட்டும் எடுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் பாதியை மூடும்படி ஒரு துணி மடிப்பு. கை போகும், கேமரா போகாது.

ரிங்மாஸ்டர்_கோவை

வளையத்தை எங்கே வைப்பது என்பதில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், யாரும் திரும்பச் செய்ய வேண்டாம்.

மூடியின் உள்பக்கம் ஒரு வார் போட்டு எட்டு வளையத்தையும் அதில் நிறுத்தினேன். திறந்தவுடன் வெள்ளியாக மின்னும், பார்க்க ஜோர். என்னுடையது 8 மில்லிமீட்டர் திடக்கம்பியில் செய்தது, எட்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட மூன்று கிலோ. மூடிய பெட்டிக்கு அது ஒன்றுமில்லை. திறந்தால் அந்த மூன்று கிலோவும் ஜனங்கள் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் முதல் பாதி நன்றாகப் போனது. என் பக்கம் கனமாக இருந்த ஐட்டங்களை எல்லாம் எடுத்து முடித்தேன். பெட்டி லேசாகிக்கொண்டே வருகிறது, மூடி அப்படியே. ஒரு கட்டத்தில் பெட்டி நிதானமாக, மரியாதையாக, முன்பக்கம் குனிந்தது. எட்டு வளையமும் மேடையிலிருந்து உருண்டு இறங்கின. ஒன்று நேராகத் தலைமையாசிரியர் காலடியில் போய்ப் படுத்தது. அவர் எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எந்த வளையம் என்று கேட்காதீர்கள்.

புதுச்சீட்டு

எந்த வளையம் அண்ணே?

ரிங்மாஸ்டர்_கோவை

🙏

சவுண்ட்சர்வீஸ்

அதற்குத்தான் ஸ்டாண்டின் மூன்று காலில் ஒன்று கட்டாயம் ஜனங்கள் பக்கம் நீட்டி நிற்க வேண்டும் என்பது. மூடி சாய்கிற திசையில் கால் இருந்தால் லேசில் கவிழாது. நடுக்குழாயில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. குழந்தைகள் ஷோவில் ஓடி வந்து இடிப்பார்கள்.

திண்டுக்கல்_தொப்பி

பாயை விரித்தேன். ஐயா சொன்னது நடந்தது, வலது பக்கம் பேனா நின்றது. மூன்று ஐட்டத்தின் வரிசையை மாற்ற வேண்டி வந்தது. பேப்பர் ஐட்டம் முட்டைப்பைக்கு முன்னால் போனது, ஏனென்றால் கிழிசல் எல்லாம் போன பிறகுதான் அந்தப் பை காலியாக இருப்பதைக் காட்டுவது இயல்பாக இருக்கிறது. பால் ஜக் பெட்டிக்குள்ளேயே வரக் கூடாது என்றும் முடிவு. தனியாக ஒரு வாளி, கடைசியில் அதிலேயே திரும்பப் போகும்.

அளவு உள்ளே 17க்கு 12½ அங்குலம், ஆழம் 5½. வளையம் 12 என்பதால் அதற்குக் குறைய முடியாது. தச்சர் 6 மில்லிமீட்டர் பிளைவுட் என்கிறார். ஸ்கூட்டருக்குக் கனமாகுமா?

முட்டைப்பை

6 மில்லிமீட்டரில் பலகை மட்டுமே இரண்டு கிலோ. கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, ரெக்சின் சேர்த்தால் மூன்று. உள்ளே உங்கள் சாமான் ஐந்து. எட்டு கிலோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்து மாடி ஏறிப் பாருங்கள், ஏறி முடித்ததும் அந்தக் கையால் காசு மறைக்க முடியாது, நடுங்கும். சுவர் 6, மூடியும் அடியும் 4. அடியில் சவுண்ட் தம்பி சொன்ன துண்டு. தோளில் மாட்ட இரண்டு வளையம் வைக்கச் சொல்லுங்கள்.

பால் பற்றி ஒரு வார்த்தை. நிஜப் பால் வேண்டாம். மே மாதம் பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் பெட்டி ஒரு வாரம் மணக்கும். டெட்டால் நாலு சொட்டு விட்ட தண்ணீர் பால் மாதிரியே வெளுக்கும். ஆனால் முன்வரிசைக்கு ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும், குழந்தைகள் கைக்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதுச்சீட்டு

ரயில், விமானம் என்றால்?

நூல்கண்டு

ரயிலில் பெட்டிக்கு 100க்கு 60க்கு 25 செ.மீ. வரை கையோடு கொண்டுபோகலாம். ஏசி மூன்றடுக்கிலும் ஏசி சேர் காரிலும் அளவு குறைவு: 55க்கு 45க்கு 22.5. தொப்பி தம்பியின் பெட்டி இரண்டிலும் அடங்கும்.

விமானத்தில் கையோடு பெரும்பாலும் ஏழு கிலோதான், இந்தப் பெட்டி தாண்டிவிடும், அதனால் லக்கேஜில் போட வேண்டியதுதான். கத்தரிக்கோல் லக்கேஜில், பவர் பேங்க் கையில். தீப்பெட்டி, லைட்டர் இரண்டிலும் கூடாது. மின்னல் காகிதம் (நெருப்புப் பட்டதும் பளிச்சென்று எரிந்து மறைவது) வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அது நைட்ரோசெல்லுலோஸ். லக்கேஜில் போகட்டும் என்று நினைத்தாலும் தப்பு.

வளையங்கள் ஸ்கேனரில் தெரிந்தால் கட்டாயம் திறக்கச் சொல்வார்கள். நான் கவுன்ட்டரிலேயே ஒரு சின்ன ஐட்டம் செய்து காட்டிவிடுவேன், கூட்டம் இல்லாவிட்டால்.

ரிங்மாஸ்டர்_கோவை

இவ்வளவு படித்த பிறகு மாக்ஸ் மாலினி மேல்தான் பொறாமையாக இருக்கிறது. 1873 முதல் 1942 வரை வாழ்ந்த மனிதர், முட்டைப்பையும் சீட்டுக்கட்டும் பேச்சும் வைத்து உலகம் சுற்றியவர். இன்னொரு பக்கம் நம் பி.சி. சர்க்கார், பெரிய குழுவும் மலைபோல் பெட்டியுமாகக் கடல் கடந்து போனவர். நாம் நடுவில், ஸ்கூட்டரில்.

திண்டுக்கல்_தொப்பி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பெட்டி வந்துவிட்டது. தச்சருக்கு 1,900, ரெக்சின், துணி, ஃபோம் 850, கீல் தாழ்ப்பாள் வகையறா 400, அந்த 35 மில்லிமீட்டர் குழி 250. ஸ்டாண்ட் ஒன்று பழசாக வாங்கினேன், அது கணக்கில் இல்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

ஸ்டாண்ட் மடித்தாலும் மூன்றடிக்கு மேல் நீளம். ஸ்கூட்டரில் படுக்காது. துணி உறை தைத்து முதுகில் குறுக்காக மாட்டிக்கொண்டு போகிறேன். முதல் நாளே செக்போஸ்ட்டில் நிறுத்தி, அது என்ன என்று கேட்டார்கள். பிரித்துக் காட்டினேன். பெட்டியையும் திறக்கச் சொன்னார்கள். அதையும் காட்டினேன். மூன்று போலீஸ்காரர்கள் முன்னிலையில் மூன்று கயிறு ஐட்டம் நடந்தது. பெட்டியின் முதல் ஷோ அதுதான்.

முறையான முதல் ஷோ ஒரு பள்ளியில். உள்ளே அரக்கு நிறம், பின்னால் கறுப்புப் பை. ஒருமுறைகூடக் குனியவில்லை. வளையம் மூடியில் இல்லை, பயணத்தில் படுத்திருக்கும், ஷோவுக்கு முன் என் பக்கச் சுவரை ஒட்டி ஒரு பள்ளத்தில் நட்டுவிடுகிறேன். முடிந்ததும் வலது பக்கம் அடித்த கொக்கியில் மொத்தமாக மாட்டிவிடுகிறேன். மாட்டும்போது ஒரு 'ஜல்' சத்தம் வருகிறது. அதை ஐட்டத்தின் முற்றுப்புள்ளியாகவே வைத்துக்கொண்டேன்.

குறை ஒன்று. நேற்று திறந்தவெளியில் ஒரு ஷோ, ஊர்த் திருவிழா. காற்று. நிமிர்ந்து நின்ற மூடி பாய்மரம் மாதிரி வேலை செய்தது. தண்ணீர் பாட்டில் தொங்கியும் ஸ்டாண்ட் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. பெட்டி என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊர்த் தலைவரைப் பார்க்கத் தொடங்கியது. இடது கையால் பிடித்துக்கொண்டே பாதி ஷோ செய்தேன்.

சவுண்ட்சர்வீஸ்

சுற்றுவதற்குக் காரணம் குழாய் குழிக்குள் வழுக்குவது. பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒரு திருகு வைத்துக் குழாயோடு இறுக்குங்கள். சில குழிகள் திருகோடே வரும், நீங்கள் வாங்கியது அது இல்லை போலிருக்கிறது.

முட்டைப்பை

திருகு போட்டால் சுற்றாது, ஆனால் மொத்தமாகச் சாயும். காற்று அடிக்கிற இடத்தில் மூடியே வேண்டாம். கீலை மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் கழலுகிற கீல் இருக்கிறது. வெளியில் ஷோ என்றால் மூடியைக் கழற்றி ஸ்டாண்டின் காலில் சாத்திவிட்டு, முன்பக்கம் ஒரு சின்னத் துணியைத் தொங்கவிட்டால் போதும்.

திண்டுக்கல்_தொப்பி

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது ஐயா?

முட்டைப்பை

'கழட்டி மாட்டுற கீல்' என்றால் எடுத்துப் போடுவார்கள். இரண்டும் ஒரே பக்கம் கழலுகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். ஜோடி என்றால் இடது ஒன்று, வலது ஒன்று என்று நினைத்து வாங்கி வந்து, இருட்டுகிற வரை உட்கார்ந்து மாட்டினேன். மூடி எந்தப் பக்கமும் நகரவில்லை.